அன்னூரிலிருந்து அமெரிக்கா: பதினேழு மணி நேரம் கால்கள் தாங்குமா?

"ஏனுங்க டாக்டர், பையன் அமெரிக்காவுக்கு டிக்கெட் போட்டு அனுப்பீட்டானுங்க. அத்தன நேரம் உக்கார முடியுமுங்களா?"

மூட்டுவலித் தைலம் வாங்க வருகிற அம்மாக்கள் இப்போது அடிக்கடி கேட்கிற கேள்வி இது. நியாயமான கேள்விதான்!

கோவையிலிருந்து சிங்கப்பூர் மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். நாலு, நாலரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். அமெரிக்கா அப்படியல்ல. 2021 ஜனவரி 9 சனிக்கிழமை இரவு சான்பிரான்சிஸ்கோவில் கிளம்பிய ஏர் இந்தியா விமானம், வடதுருவத்தைக் கடந்து, திங்கள் அதிகாலை பெங்களூரில் இறங்கியது. கேப்டன் ஸோயா அகர்வால் தலைமையில் ஓட்டியவர்கள் அத்தனை பேரும் பெண்கள். நேர்தூரம் 13,993 கிலோமீட்டர். நேரம் பதினேழு மணிக்கு மேல். அன்னூரிலிருந்து பெங்களூர் போய்ச் சேரும் நேரம், விமான நிலையத்தில் காத்திருக்கும் நேரம் எல்லாம் தனிக் கணக்கு.

பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்தில் இருப்பதுபோல இருக்கும். ஏறக்குறைய ஊட்டியில் உட்கார்ந்திருப்பது மாதிரி. ஆனால் ஊட்டியின் ஈரம் அங்கே கிடையாது. காற்று வறண்டு, நாக்கு ஒட்டும். நம் பெண்கள் செய்கிற காரியமோ நேர் எதிர். பாத்ரூம் போக அடுத்தவரை எழுப்ப வேண்டுமே என்று கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிப்பதில்லை. அடக்கக் கூடாத பதினான்கு வேகங்கள் என்று சித்த மருத்துவம் சொல்கிறதே, அதில் சிறுநீரும் ஒன்று, தாகமும் ஒன்று. இரண்டையும் சேர்த்து அடக்கினால் உடம்பு என்ன செய்யும்?

டிக்கெட் போடும்போதே நடைபாதை ஓர சீட் கேளுங்கள். மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு அடி நடங்கள். உட்கார்ந்தபடியே, தையல் மெஷின் மிதிப்பதுபோல, பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள்.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் கால் நரம்பில் (ரத்தக்குழாயைத்தான் நாம் அப்படிச் சொல்கிறோம்) ரத்தம் உறையும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் தெரிவித்தது. பஸ், காருக்கும் இது பொருந்தும். பயப்பட வேண்டாம், ஏறக்குறைய ஆறாயிரம் பேரில் ஒருவருக்குத்தான் வரும். ஆனால் உடல் பருமன், சமீபத்தில் ஆபரேஷன், புற்றுநோய், கர்ப்பம், முன்பே ரத்தம் உறைந்தவர்கள் என்றால் டாக்டரைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்தால், ஊர் திரும்பிச் சில வாரம் கழித்து வந்தாலும் சரி, "வாயுப் பிடிப்பு" என்று தைலம் போட்டு உருவி விடாதீர்கள். தைலம் கொடுக்கிற நானே சொல்கிறேன்! உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சு முட்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள் எந்த ஊர்க் கடிகாரப்படி ஊசி என்பதை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். கஷாயம், தைல பாட்டில்களைப் பெரிய பெட்டியில் வையுங்கள். கைப்பையில் நூறு மில்லிக்கு மேல் இருந்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். தினசரி மாத்திரையும் சீட்டும் மட்டும் கைப்பையிலேயே இருக்கட்டும்.