வான் கூரையில் ஏறும் தம்பிமார்

2018ஆம் ஆண்டு நோன்பு, பெருநாளைக்கு இரண்டு வாரம் இருக்கும். புறக்கோட்டை 2ஆம் குறுக்குத் தெருவில் எடுத்த துணி ரோல்கள் பம்பலப்பிட்டியில் எனது கடைக்கு வந்து சேர்ந்தபோது அஸர் தாண்டிவிட்டது. வானின் உள்ளே இடம் போதாமல் பாதி ரோல்கள் கூரை ரெக்கில் கட்டப்பட்டிருந்தன. காலி வீதியில் அந்நேரம் வாகனத்தை நிறுத்த விடமாட்டார்கள் என்பதால் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைக்குள் விட்டோம். சற்று முன்னர்தான் மழை பெய்து ஓய்ந்திருந்தது.

கிண்ணியாவிலிருந்து வந்து எங்களோடு வேலை செய்த தம்பி ஒருவர், எப்போதும் போல டயரில் ஒரு காலும் ஜன்னல் விளிம்பில் ஒரு காலும் வைத்து மேலே ஏறினார். "முதலாளி, மேலே வழுக்குது" என்றார். "கெதியா எறக்குங்க தம்பி, நோன்பு தொறக்க நேரமாகுது" என்றேன் நான். ஈரக் கயிற்றின் முடிச்சு இறுகிப் போயிருந்தது. இரண்டு கையாலும் பலமாக இழுத்தார். முடிச்சு சட்டென்று விட்டது. அவர் பின்பக்கமாக ஒழுங்கையில் வந்து விழுந்தார்.

வெட்கத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். சத்தம் கேட்டுத் திரும்பிய நான் முதலில் பார்த்தது ரோல் சேற்றில் விழுந்துவிட்டதா என்றுதான். மணிக்கட்டும் குதிகாலும் உடைந்தன. தலை தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். தங்கையின் கலியாணத்துக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்த பிள்ளை, மூன்று மாதம் ஊரில் கிடந்தார்.

வான் கூரை என்ன பெரிய உயரமா என்று நமது வர்த்தகர்கள் நினைப்பதுண்டு. நானும் அப்படித்தான் நினைத்தேன். சாதாரண ஹயஸ் வானின் கூரை ஏறக்குறைய 2 மீற்றர். அங்கிருந்து விழுபவர் மணிக்கு 22 கிலோமீற்றர் வேகத்தில் நிலத்தில் மோதுகிறார். ஆனால் கூரையில் நிற்பவரின் தலை இருப்பது 2 மீற்றரில் அல்ல, மூன்றரை மீற்றருக்கும் மேலே. தலைகீழாக வந்தால் வேகம் மணிக்கு 30 கிலோமீற்றரை எட்டும். விழுந்து முடிய ஒரு செக்கன்கூட ஆகாது. கையை ஊன்ற நேரம் கிடைப்பதே அதிர்ஷ்டம். "பார்த்து ஏறுங்க" என்று கீழே நின்று சொல்வதில் பயனில்லாமல் போவது இதனால்தான்.

பிரித்தானியாவில் உயரத்தில் வேலை செய்வதற்கென 2005இல் ஒரு சட்டவிதி கொண்டுவந்தார்கள். அதற்கு முன்னர் கட்டட வேலைகளில் 2 மீற்றர் என்ற எல்லைக்கோடு இருந்தது. புதிய விதியில் அதை நீக்கிவிட்டார்கள். விழுந்தால் காயம் வரும் என்றால் அது உயரம்தான், அவ்வளவே. அந்த விதியின் வரிசைமுறை எனக்குப் பிடித்தது. முதலாவது கேள்வி, மேலே ஏறாமலே செய்ய முடியாதா? முடியாது என்றால்தான் விழாமல் தடுப்பது எப்படி என்ற பேச்சு.

இந்த முதற்கேள்வியை நாம் கேட்பதே இல்லை. துணி, பிளாஸ்டிக் சாமான், மெத்தை என்று எது வந்தாலும் கூரைக்குப் போகிறது. காரணம், இரண்டாவது தடவை ஓட வேண்டாம் என்ற மிச்சம்பிடிப்பு. நான் கணக்குப் பார்த்தேன். அந்தத் தம்பியின் சிகிச்சைக்கும், வராத மாதங்களின் சம்பளத்துக்கும், பெருநாள் அவசரத்தில் பிடித்த மாற்றாளுக்கும் கொடுத்த காசில் பல தடவை சிறு லொறி பிடித்திருக்கலாம். 'டிமோ பட்டா' போன்ற சிறு லொறியின் தட்டு இடுப்பளவுதான். நிலத்தில் நின்றபடியே இறக்கலாம், மழைக்குப் படங்கு போட்டால் போதும். இன்று எனது சரக்கு பெரும்பாலும் அதில்தான் வருகிறது.

ஏறியே ஆகவேண்டிய நாளும் உண்டு. அதற்கு ஒரு ஏணி வாங்கினேன். கூரைக்கு மேலே ஒரு மீற்றராவது நீட்டிக்கொண்டிருக்கும் நீளம் வேண்டும், அப்போதுதான் ஏறி இறங்கும்போது பிடிக்க ஏதாவது இருக்கும். நான்கு மீற்றர் உயரத்துக்கு ஒரு மீற்றர் என்ற கணக்கில் அடியை வெளியே தள்ளி வைக்க வேண்டும், ஒருவர் கீழே பிடித்துக்கொள்ள வேண்டும். கயிற்றை வாகனத்துக்கு மேலால் எறிந்து, மறுபக்கம் நிலத்தில் நின்றே இறுக்குகிறோம், அவிழ்க்கிறோம். கூரையில் நின்று கயிறோ படங்கோ இழுப்பதை முழுதாக நிறுத்திவிட்டேன். பின்பக்கமாக விழ வைப்பது அந்த இழுவைதான். கீழிருந்து எறிந்து மேலே பிடிப்பதும் இல்லை. மேலே ஆள் இருக்கும்போது சாவி சாரதியிடம் இருக்காது, எனது சட்டைப் பையில் இருக்கும். ரப்பர் செருப்போடு ஏறுவதற்கும், மழை விட்ட கையோடு ஏறுவதற்கும் அனுமதி இல்லை. நோன்பு காலத்தில் சரக்கைக் காலையிலேயே எடுப்பிக்கிறேன். அஸருக்குப் பிறகு தண்ணீர் இல்லாத உடம்பை மேலே ஏற்றுவது நியாயமில்லை.

எமக்குத் தெரிந்த மௌலவி ஒருவரிடம் இதைச் சொன்னபோது, தடுப்பில்லாத மொட்டைமாடியில் இரவில் தூங்குவது குறித்து அபூதாவூதில் பதிவாகியுள்ள எச்சரிக்கையை நினைவுபடுத்தினார். விழுந்த பிறகு கத்ர் என்று சொல்வதற்கு முன், தடுப்பு வைத்தோமா என்று பார்க்கச் சொன்னார்.

இனி சட்டம். தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் 1942ஆம் ஆண்டினது; பெயருக்கேற்ப அதன் பார்வை தொழிற்சாலை மீதுதான், கடை வாசலில் நிற்கும் வான் மீதல்ல. ஆகவே பரிசோதகர் வந்து ஏணியைக் கேட்கப்போவதில்லை. ஆனால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் கடைக்காரரையும் விடாது. வேலையின்போது வேலை காரணமாக விபத்து நேர்ந்தால், முதலாளியின் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லாமலே நட்டஈடு கொடுக்க வேண்டிவரும். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர் அதன் உச்சவரம்பு 20 இலட்சம் ரூபா. முன்னர் ஐந்தரை இலட்சமாக இருந்தது. வியாபார வேலைக்குத்தான் எடுத்தீர்கள் என்றால், "அவர் நாட்கூலி" என்று சொல்லித் தப்புவதும் கஷ்டம். வாகனக் காப்புறுதி இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பியிருப்பவர்கள் பத்திரத்தை ஒருமுறை எடுத்து வாசிப்பது நல்லது. தொழிலாளர் நட்டஈட்டுக்கென்று தனியாகவே காப்புறுதி உண்டு. தகாபுலிலும் கேட்டுப் பாருங்கள்.

விழுந்தவரைத் தூக்கி நிறுத்தி, ஓட்டோவில் மடித்து வைத்துக்கொண்டு ஓடுவது நமது பழக்கம். நானும் அன்று அதைத்தான் செய்தேன். முள்ளந்தண்டில் அடிபட்டிருந்தால் அந்தத் தூக்குதலே கால்களை முடக்கிவிடக்கூடும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியுலன்ஸ் இலவசமாக வருகிறது. 2016இலிருந்து கொழும்பில் இந்தச் சேவை உண்டு. அது வரும்வரை அசைக்காமல், வெயிலோ மழையோ படாமல் மறைத்துப் பிடித்தால் போதும்.

அந்தத் தம்பி திரும்பி வந்தார். இப்போது துணி அளப்பது அவர்தான். மழைக் காலத்தில் மணிக்கட்டு வலிக்கிறது என்பார். ஏணி கடைக்குப் பின்னால் சாத்தியிருக்கிறது. பெருநாள் நெருங்கினால் பக்கத்துக் கடைக்காரர்கள் இரவல் கேட்டு வருகிறார்கள். ஒருமுறை கொண்டுபோனவர் மூன்று நாளாகத் திருப்பித் தரவில்லை. அந்த மூன்று நாளும் எங்கள் சரக்கு எதுவும் கூரையில் வரவில்லை.