குடிபெயர்வோர் மறக்கும் காப்பீட்டுப் பத்திரம்

ஜெர்மனியில் பல வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டு, வேலை மாற்றத்தின் நிமித்தம் நெதர்லாந்துக்குக் குடிபோகிறவர்களில் எத்தனையோ பேர், சாமான் கட்டுவதில் காட்டும் சிரத்தையில் ஒரு பங்கைக்கூட வைத்தியக் காப்பீட்டில் காட்டாமல், நோய் கண்ட பிறகு பழைய நாட்டு அட்டையை ஆஸ்பத்திரியில் நீட்டி நிற்பதை அடிக்கடி காண்கிறோம். அதன் பின்புறத்தில் அச்சிட்ட ஐரோப்பிய சுகாதாரக் காப்பீட்டு அட்டையில் காலாவதித் தேதி இன்னும் தள்ளியிருக்கலாம். ஆனால் உரிமை, அதை வழங்கிய காப்பீட்டு நிலையத்தில் நாம் அங்கத்தினராக நீடிப்பதைப் பொறுத்ததே அன்றி, அந்தத் தேதியைப் பொறுத்ததன்று. அங்கத்துவம் முடிந்த பின் அதைக் காட்டிப் பெற்ற சிகிச்சையின் செலவை நம்மிடமே வசூலிக்க இடமுண்டு. அது தற்காலிகப் பிரயாணிக்கு உரிய அட்டை, குடியேறுபவருக்கு உரியதன்று.

2010 மே முதல் அமலில் உள்ள, ஐரோப்பிய ஒன்றியத்தின் 883/2004 ஒழுங்குவிதிப்படி, ஒரு சமயத்தில் ஒரே நாட்டின் சட்டந்தான் ஒருவரைக் கட்டுப்படுத்தும். பொதுவாக அது வேலை செய்யும் நாடு. ஆகவே புறப்படுமுன் பழைய காப்பீட்டு நிலையத்துக்குப் புறப்படும் தேதியை எழுத்து மூலம் தெரிவித்து, காப்பீடு பெற்றிருந்த காலத்துக்குச் சான்றான பத்திரத்தை, அதாவது முன்னாளில் இ 104 என்றும் இந்நாளில் எஸ் 041 என்றும் வழங்குவதை, கேட்டு வாங்குங்கள். நெதர்லாந்தில் நகரசபையில் பதிவு செய்தபின், காப்பீட்டுக் கடமை தொடங்கிய நான்கு மாதங்களுக்குள் அடிப்படைக் காப்பீடு எடுத்தால், அது தொடக்க நாளிலிருந்தே செல்லும். நான்கு மாதம் தவறினால் சேர்ந்த நாளிலிருந்துதான். இடைப்பட்ட செலவு முழுவதும் உங்கள் தலையில்.

‘பத்திரமின்றி வராதே’ என்று விரட்டும் உத்தியோகஸ்தர்களும் உண்டு. இது அக்கிரமம்: அந்த விவரங்களை இரு நாட்டு நிலையங்களும் தமக்குள் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்பது விதி. மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டுக் காலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சொல்விட் என்னும் சேவை இவ்வித எல்லை கடந்த தகராறுகளை இலவசமாகக் கவனிக்கிறது.

வேலையை விட்டு ஓய்வு பெற்றவர்க்கு வழி வேறு: ஜெர்மன் ஓய்வூதியம் மட்டும் பெற்றுக்கொண்டு ஸ்பெயினில் குடியேறுகிறவர், ஜெர்மன் நிலையத்தில் எஸ் 1 பத்திரம் வாங்கி, அங்குள்ள தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் பதிய வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டுடனேயே ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி வசிக்கும் நம்மவர்க்கும் 1231/2010 ஒழுங்குவிதி இந்த உரிமைகளை அளிக்கிறது. டென்மார்க் இதற்கு விலக்கு.

நான்கு மாதத்தை மறவாதீர்கள். வீட்டுச் சாவியை ஒப்படைக்கும் முன்பே, புறப்படும் தேதியைப் பழைய நிலையத்துக்குத் தெரிவிக்கும் அந்தக் கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.