உங்களுக்குத் தெரியுமா? மூன்றில் ஒரு பங்கு மரத்தூள்!

● வட அமெரிக்காவில் கனூ படகை வீட்டிலேயே கட்டுபவர்கள் பெரிதும் தேடிப்போவது வெஸ்டர்ன் ரெட் சீடர் மரத்தை. உலர்ந்த மரம் கன மீட்டருக்குச் சுமார் 370 கிலோதான். தேக்கு 650 கிலோவை ஒட்டி வரும். பெயரில் சீடர் என்றாலும் இது சைப்ரஸ் குடும்பத்து மரம்.

● பலகையை 6 மி.மீ. தடிமனுள்ள ரீப்பர்களாக நெடுக்கே அறுத்து, அச்சுச் சட்டங்களின் மேல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போவார்கள். ஒவ்வோர் அறுப்பிலும் ரம்பம் 3 மி.மீ. தின்றால், மூன்றில் ஒரு பங்கு சேதாரம். மரம் வாங்கும்போதே இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

● படகு நீளத்துக்குப் பலகை கிடைக்கவில்லையா? ரீப்பர் முனைகளைத் தடிமனின் 8 மடங்கு நீளத்துக்குச் சரிவாகச் சீவி ஒட்டிக்கொள்ளலாம்.

● ரீப்பரின் ஒரு விளிம்பைக் குழிவாகவும் மறு விளிம்பைக் குவிவாகவும் இழைத்தால், படகு வளையும் இடத்திலும் இடைவெளி விழாது.

● மரம் மட்டும் போதாது. உள்ளும் புறமும் கண்ணாடியிழைத் துணியை எபாக்சி பிசினில் ஊறவைத்து ஒட்டினால்தான் படகுக்கு முழு வலு.

● வெஸ்டர்ன் ரெட் சீடர் மரத்தூளில் உள்ள பிளிகாட்டிக் அமிலம் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. முகக்கவசம் இல்லாமல் அறுக்கக் கூடாது.