தொடவே முடியாத இரண்டு வீரர்கள் மோதினால்?

பௌர்ணமி அன்று அடி அண்ணாமலையில் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்! 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதையில், மலைக்குப் பின்புறம் இருக்கும் ஊர் அது. நடந்து களைத்தவர்கள் இங்கே ஒரு டீ குடித்துவிட்டுத்தான் மறுபடி நடப்பார்கள்.

அங்கே ஒரு டீக்கடை பெஞ்சில் சண்டை. கைச்சண்டை அல்ல, வாய்ச்சண்டை. தாத்தாவுக்கும் பேரனுக்கும்!

தாத்தாவுக்கு வயது எழுபதுக்கு மேல். வாலிபத்தில் சென்னைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பேரன் பத்தாம் வகுப்பு மாணவன். கையில் செல்போன். அதில் குத்துச்சண்டைப் படம் ஓடிக்கொண்டிருந்தது.

"மேவெதரை யாராலயும் தொட முடியாது தாத்தா. அம்பது சண்டை, அம்பதும் ஜெயம்!"

"போடா! நான் முகமது அலியையே கண்ணால பாத்தவன்."

"அலி எடை வேற, மேவெதர் எடை வேற. ரெண்டையும் சேத்துப் பேசாத தாத்தா."

பக்கத்தில் இருந்த பையனின் தாயார் பொறுக்க முடியாமல் குறுக்கிட்டார். "நீங்களே இவனைக் கெடுக்கிறீங்க மாமா. குத்துச்சண்டை கத்துக்கணுமாம். மூஞ்சியெல்லாம் பேந்து வரவா?"

பெரியவர் அமைதியாகச் சொன்னார்: "அடிக்கிறதுக்கு யாரும்மா கத்துக்கச் சொன்னது? அடி படாம இருக்கக் கத்துக்கட்டுமே!"

குத்துச்சண்டையில் பாதி வித்தை அதுதான். பையன் சொன்னதும் சரி. கனத்த எடை வீரரான அலியையும், அவரைவிட மிகவும் இளைத்த மேவெதரையும் ஒரே மேடையில் ஏற்ற முடியாது. அப்படியானால் மேவெதருக்குச் சரியான ஜோடி யார்? அந்தக் காலத்து வீரர் ஒருவரை எழுப்பி வந்து நிறுத்தினால் யார் ஜெயிப்பார்?

சென்னைக்கு வந்த அலி

தாத்தா பொய் சொல்லவில்லை. முகமது அலி 1980-ம் ஆண்டு சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸ் என்ற மாஜி சாம்பியனுடன் காட்சிச் சண்டை போட்டார். கூட்டம் திரண்டது.

இளமையில் அலியை அடிப்பது காற்றை அடிப்பது போல. குத்து வரும்போது தலையை மட்டும் பின்னால் சாய்ப்பார். குத்து மூக்குக்கு முன்னால் நின்றுவிடும்!

வயது ஏற ஏறக் கால் வேகம் குறைந்தது. 1974-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி ஆப்பிரிக்காவில் கின்ஷாசா நகரில் ஜார்ஜ் போர்மனோடு மோதினார். கயிற்றில் சாய்ந்துகொண்டு, போர்மன் அடித்துக் களைக்கும் வரை அடி வாங்கினார். 8-வது சுற்றில் போர்மனை வீழ்த்தினார். உலகம் கை தட்டியது. ஆனால் வாங்கிய அடி உடம்பில்தானே இருக்கும்?

சென்னைக்கு வந்த அதே 1980-ம் ஆண்டு அக்டோபரில், லாரி ஹோம்சிடம் 10 சுற்று அடி வாங்கித் தோற்றார். 1984-ம் ஆண்டு அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். கை நடுங்கியது. பேச்சு குளறியது. 2016-ம் ஆண்டு ஜூன் 3-ந் தேதி காலமானார். தலையில் திரும்பத் திரும்ப விழும் குத்து மூளையைக் கெடுக்கும் என்று மருத்துவம் சொல்லுகிறது. அந்தத் தாயாரின் பயத்தில் நியாயம் இருக்கிறது.

நம்ம ஊர் பரம்பரை

வடசென்னைக்குக் குத்துச்சண்டை புதிது அல்ல. சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று கோஷ்டி கட்டி மோதிய பேட்டை அது. கித்தேரி முத்து என்ற வீரரின் பெயரை அங்கே இன்றும் சொல்லுவார்கள். ஆங்கிலோ-இந்திய வீரர் நாட் டெர்ரியோடு அவர் மோதியது ஊர்ப் பேச்சாக இருந்தது.

2021-ம் ஆண்டு பா.ரஞ்சித் எடுத்த 'சார்பட்டா பரம்பரை' படத்தைப் பார்த்தவர்களுக்கு டான்சிங் ரோசைத் தெரியும். ஆடிக்கொண்டே வருவார், வளைவார், நெளிவார். எதிராளியின் குத்து எங்கோ போகும்! கதாநாயகனைவிட அவருக்குத்தான் விசில் அதிகம். அடிப்பவனை மட்டும் அல்ல, அடிக்குத் தப்புகிறவனையும் நம்மவர்கள் ரசிப்பார்கள்.

உலகத்திலும் இப்படிச் சிலர் உண்டு. அமெரிக்காவின் வில்லி பெப் 229 சண்டைகளில் ஜெயித்தவர். 1947-ம் ஆண்டு விமான விபத்தில் அடிபட்டும், அதே ஆண்டு மறுபடி மேடை ஏறினார். ஒரு சுற்றில் ஒரு குத்துக்கூட விடாமல், தப்பித்தே ஜெயித்தார் என்று ஒரு கதை உண்டு. கதையை முழுக்க நம்ப வேண்டாம்! அடுத்தவர் பெர்னல் விட்டேகர். இடக்கைக்காரர். 1984-ம் ஆண்டு ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வாங்கியவர்.

நான் தேர்ந்தெடுத்த ஜோடியில் இவர்கள் இல்லை.

சிகரெட் பிடித்த சாம்பியன்

அர்ஜென்டினா நாட்டில் மெண்டோசா என்ற மாகாணம். அங்கே 1939-ம் ஆண்டு பிறந்தவர் நிகோலினோ லோச்சே. 'தொட முடியாதவன்' என்று ஜனங்கள் பட்டம் கொடுத்தார்கள்.

குத்துச்சண்டைக்காரர் என்று பார்த்தால் தெரியாது. லேசான தொந்தி. தலையில் வழுக்கை. போதாதற்கு சிகரெட் வேறு! மேடையில் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பார். எதிராளி ஐந்து குத்து விடுவார். லோச்சே காலை நகர்த்தாமல் தலையை மட்டும் அசைப்பார். ஐந்தும் காற்றில் போகும்.

1968-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி டோக்கியோவில் உலகச் சாம்பியன் பால் புஜியுடன் மோதினார். புஜி இடி மாதிரி அடிப்பவர். அடித்தார், அடித்தார், காற்றைத்தான் அடித்தார். 10-வது சுற்றுக்கு மணி அடித்தது. புஜி ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவே இல்லை!

லோச்சே 117 சண்டைகளில் ஜெயித்தார். அதில் எதிராளியை வீழ்த்தி ஜெயித்தது 14 மட்டுமே. தோற்றது 4. சமமாக முடிந்தது 14. இந்தக் கடைசி எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பக்கம் பிளாய்டு மேவெதர். அமெரிக்கர். 1977-ம் ஆண்டு பிறந்தவர். தகப்பனார் குத்துச்சண்டை வீரர். சித்தப்பா உலகச் சாம்பியன். இடது தோளை உயர்த்தித் தாடையை மறைத்துக்கொள்வார். இடது கை வயிற்றுக்குக் காவல். வலது கை கன்னத்துக்குக் காவல். வரும் குத்தைத் தோளால் உருட்டிவிட்டு, மறு நொடி வலது கையால் திருப்பிக் கொடுப்பார். 2015-ம் ஆண்டு பிலிப்பைன்ஸ் வீரர் பக்கியாவையும் இப்படித்தான் ஜெயித்தார். 2017-ம் ஆண்டோடு 50 சண்டை, 50 வெற்றி. மதுவும் இல்லை, சிகரெட்டும் இல்லை.

இருவரையும் சேர்த்து வைப்பது எடைதான். லோச்சே சாம்பியன் ஆனது 140 பவுண்டு எடையில், அதாவது 63½ கிலோ. மேவெதரும் 2005-ம் ஆண்டு ஆர்தர் காட்டியை அடித்து அதே எடையில் சாம்பியன் ஆனார். பையன் குறை சொல்ல முடியாது!

கம்ப்யூட்டர் நடத்திய சண்டை

இப்படிக் கற்பனைச் சண்டை நடத்துவது வீண் வேலை என்று நினைக்காதீர்கள். ஒருவர் இதிலே பணமே சம்பாதித்தார். 1969-ம் ஆண்டு அலியையும், ஓய்வு பெற்ற ராக்கி மார்சியானோவையும் அழைத்துப் பொய்ச் சண்டை போட வைத்துப் படம் எடுத்தார்கள். யார் ஜெயிப்பது என்பதைக் கம்ப்யூட்டர் சொல்லும் என்றார்கள். மார்சியானோ உடம்பை இளைத்து, தலையில் டோப்பா வைத்துக்கொண்டு நடித்தார். பாவம், படம் வெளிவரும் முன்பே விமான விபத்தில் இறந்துவிட்டார்.

1970-ம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்கத் தியேட்டர்களில் படம் ஓடியது. 13-வது சுற்றில் மார்சியானோ ஜெயித்தார். பிரிட்டனில் காட்டிய படத்தில் அலி ஜெயித்தார்! கம்ப்யூட்டரும் ஆளுக்குத் தகுந்த மாதிரி பேசும் போலிருக்கிறது.

மணி அடித்தாயிற்று!

நமது சண்டைக்கு வருவோம். முதல் சுற்று. இருவரும் எதிராளி அடிக்கட்டும் என்று காத்திருப்பவர்கள். ஒருவரும் அடிக்கவில்லை. ஜனங்கள் விசில் அடிக்கிறார்கள். லோச்சே சிரிக்கிறார்.

இங்கே ஒரு விஷயம். தப்பித்தால் மட்டும் புள்ளி கிடையாது. சுத்தமாக விழுந்த குத்துக்குத்தான் நடுவர்கள் மதிப்பு. சுற்றில் ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்குப் பெரும்பாலும் 9. ஆகவே யாராவது ஒருவர் அடித்தே ஆக வேண்டும்.

2, 3, 4-வது சுற்றுகள் லோச்சேக்கு. மேவெதர் தலையைக் குறி வைக்கிறார். தலை அங்கே இல்லை. லோச்சேயின் சின்னச் சின்ன இடதுகைக் குத்துகள் விழுகின்றன. வலிக்காது. ஆனாலும் புள்ளி புள்ளிதான்.

மேவெதர் மூளைக்காரர். தலை ஆடும், வயிறு ஆடாது அல்லவா? 5-வது சுற்றில் இருந்து நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடது கையை நீட்டுகிறார். சுற்றுக்கு நாலு, ஐந்து குத்து விழுகிறது. அது போதும். சிகரெட் பிடிப்பவருக்கு மூச்சு வாங்காதா என்று கேட்பீர்கள். லோச்சே ஓடுவதே இல்லையே! நின்ற இடத்தில் ஆடுகிறவருக்குச் செலவு குறைவு. 9-வது சுற்றை அவர் திருப்பிப் பிடிக்கிறார்.

12 சுற்று முடிந்தது. முதல் சுற்றை லோச்சேயின் சிரிப்புக்காகவே கொடுத்துவிடுகிறேன். மேவெதருக்கு 7, லோச்சேக்கு 5.

அர்ஜென்டினாக்காரர்கள் சும்மா விடுவார்களா? லோச்சே காலத்தில் உலகப் பட்டத்துக்கு 15 சுற்று. 1982-ம் ஆண்டு கொரிய வீரர் கிம் டுக்-கூ 14-வது சுற்றில் அடிபட்டு விழுந்து, நாலு நாளில் இறந்தார். அதன் பிறகுதான் 12 ஆகக் குறைத்தார்கள். லோச்சே 15 சுற்று ஆடிப் பழகியவர். மேவெதர் 12-ஐத் தாண்டியதே இல்லை.

சரி, பழைய சட்டப்படியே இன்னும் மூன்று சுற்று. மேவெதர் கால் கனக்கிறது. 13-வது லோச்சேக்கு. 14-வதில் யாரும் யாரையும் தொடவில்லை, சமம். 15-வதில் லோச்சே கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஆறு குத்துகளைத் தப்பவிட்டு, ஏழாவதாகத் தானே ஒன்று கொடுக்கிறார்.

7-க்கு 7. சண்டை சமம். லோச்சே கணக்கில் இது 15-வது!