படமும் உண்மையும்

ஊதியத்தை நாடாது, விருப்பம் ஒன்றினாலேயே ஒரு கலையைப் பயில்வோரை ‘அமெச்சூர்’ என்று வழங்குவர். ‘அன்புடையோன்’ என்னும் பொருள் தரும் இலத்தீன் சொல்லின் வழியே பிறந்த பெயர் அது. நாடகத்திலும் இசையிலும் இத்தகையோர் பலர் உளர். புகைப்படக் கலையிலோ அவர்தம் தொகை அளவிறந்தது. அவர்கள் எடுக்கும் படம் நகர வாழ்வை எவ்வாறு காட்டுகின்றது, செய்தித்தாள் காட்டும் நகரத்தினின்று அஃது எவ்வாறு வேறுபடுகின்றது, படத்தில் உண்மை எங்கே நிற்கின்றது என்பவற்றை அறிதல் இக்காலத்தார்க்கு இன்றியமையாதது.

புகைப்படக் கலை ஐரோப்பாவில் 1839ஆம் ஆண்டில் உலகறிய வெளிப்பட்டது. இருபது ஆண்டுகள் கழியுமுன்னரே சென்னையில் அது வேரூன்றிவிட்டது. அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் 1850இல் சென்னையில் ஓவியப் பள்ளி ஒன்றை நிறுவினார். அதுவே இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குகின்றது. அவர் முதலியோரின் முயற்சியால் 1850களின் பிற்பகுதியில் சென்னைப் புகைப்படச் சங்கம் தோன்றியது. அக்காலத்தில் படம் எடுத்தல் எளிய செயலன்று. பெரிய பெட்டியையும், முக்காலியையும், மருந்து நீர்களையும் சுமந்து செல்ல வேண்டும். 1888இல் அமெரிக்கரான ஜார்ஜ் ஈஸ்ட்மன் கைக்கு அடங்கும் ‘கோடக்’ பெட்டியை விற்பனைக்குக் கொணர்ந்த பின்னரே இக்கலை பொதுமக்களை எய்தியது. இன்று கைப்பேசி உடையார் யாவரும் படம் பிடிப்போரே ஆவர்.

விருப்பத்தால் இக்கலையைக் கற்றுப் பின்னர் அரசாங்கப் புகைப்படக்காரராக உயர்ந்தவர் லின்னியஸ் டிரைப் என்னும் படைத்தலைவர். இவர் 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலைப் படம் பிடித்தார். விமானத்தின் அடித்தளத்தைச் சூழ்ந்துள்ள கல்வெட்டுகள் ஒரே படத்தில் அடங்கவில்லை. ஆதலின் பகுதி பகுதியாக இருபத்தொரு படங்கள் எடுத்து, அவற்றை வரிசையாக ஒட்டி நீண்டதொரு சுருளாக்கினார். கல்லில் உள்ளவாறே எழுத்துகளைக் காட்டவே அவர் படங்களை இணைத்தார். இச்செய்தி பின்னர் வரும் ஒன்றனோடு ஒப்புநோக்கத் தக்கது.

இனி, நகர வாழ்வைக் காண்போம். சென்னையில் இருப்புப்பாதைக்கு மேற்கே அமைந்தது மேற்கு மாம்பலம். கிழக்கே அமைந்தது தியாகராய நகர். பழைய நெடிய ஏரி ஒன்றைத் தூர்த்து, 1920களில் தியாகராய நகரை அமைத்தனர். ஏரி மறைந்தது, ஆயினும் மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ சாலை’ என்னும் பெயர் மட்டும் எஞ்சி நிற்கின்றது. அன்று அந்த ஏரிக்கரையில் ஆடை துவைத்தோரையும் மாடு மேய்த்தோரையும் படம் பிடித்து வைத்தார் எவரேனும் இருப்பின், அப்படத்தின் விலை இன்று மதிப்பிடற்கு அரிது. அன்றாடம் காண்பது படத்திற்கு உரியதன்று என்று எண்ணுவோர், அன்றாடம் காண்பதே முதலில் மறைகின்றது என்பதை அறியார்.

இவ்வுண்மையை உணர்ந்த படக்காரன் விடியற்காலையில் ஆரிய கௌடா சாலையில் நடக்கின்றான். வாசலில் நீர் தெளித்துக் கோலமிடும் பெண், கீரைக் கூடையை இறக்கிவைக்கும் மூதாட்டி, அயோத்தியா மண்டபத்தின் முன்னே செய்தித்தாளை விரித்து நிற்கும் முதியவர், மாம்பலம் நிலையத்தை நோக்கி விரையும் அலுவலர் ஆகியோர் அவன் கண்ணிற்படுகின்றனர். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931இல் மின்சார இரயில் ஓடத் தொடங்கிய நாள் முதல் இவ்விரைவு இங்கே வளர்ந்துகொண்டே வருகின்றது. நிலையத்திலிருந்து தியாகராய நகர்ப் பேருந்து நிலையம் வரை 2023இல் நடைமேம்பாலம் ஒன்று திறக்கப்பட்டது. மக்கள் நடக்கும் வழி மாறியது. வழியோர வணிகமும் அதனோடு மாறும். இத்தகைய மாற்றங்களை நாள்தோறும் எடுத்த படங்களே தெளிவாகக் காட்டவல்லன.

செய்தித்தாளின் நோக்கம் வேறு. வழக்கத்திற்கு மாறானதே அதற்குச் செய்தி. பெருமழை பெய்து துரைசாமி சுரங்கப்பாதையில் நீர் தேங்கினால் மாம்பலம் முதற்பக்கத்தில் இடம் பெறும். நீர் வடிந்து மக்கள் அமைதியாக நடந்து செல்லும் நாள்களில் அதன் பெயரே அங்குக் காணப்படாது. இதனைக் குற்றமென்று கூறுதல் பொருந்தாது. நீர் தேங்கிய படம் வெளிவந்தால் அதிகாரிகளின் கவனம் அங்கே திரும்பும். ஆயினும் செய்தித்தாளை மட்டும் கண்ட அயலூரார், மாம்பலம் எந்நாளும் நீரில் மிதப்பது போலும் என்று கருதக்கூடும். அழகிய கோலங்களை மட்டும் படம் பிடிப்போனும் மற்றொரு வகையில் பிழை செய்கின்றான். அக்கோலத்தின் அருகே மூடப்படாது கிடக்கும் சாக்கடையை அவன் மறைத்துவிடுகின்றான். படத்தின் நான்கு விளிம்புகளும் நான்கு சுவர்கள் போல்வன. உள்ளே இருப்பது மெய்யாயினும், வெளியே விடப்பட்டது யாது என்று வினவுதல் அறிவுடைமை.

விளிம்பு செய்யும் பிழையினும் கொடியது கை செய்யும் பிழை. 2015 டிசம்பரில் சென்னை பெருவெள்ளத்தில் மூழ்கியது. வெள்ளப் பகுதியைப் பிரதமர் வானிலிருந்து பார்வையிடும் படம் ஒன்றை மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிட்டது. சாளரத்தின் வழியே தோன்றிய காட்சி வேறொரு படத்திலிருந்து எடுத்து ஒட்டப்பட்டது என்பதை மக்கள் விரைவில் கண்டுகொண்டனர். அலுவலகம் அப்படத்தை நீக்கி வருத்தம் தெரிவித்தது. டிரைப் இருபத்தொரு படங்களை இணைத்தார். இங்கே இணைக்கப்பட்டவை இரண்டே. அங்கு இணைப்பு உண்மையை விரித்தது. இங்கு உண்மையை மறைத்தது. கருவி ஒன்றே, கருத்தே வேறு.

பொய் சேராத படத்திலும் ஓர் அறம் உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. பசித்தோர்க்கு வேலையும் கூலியும் அளித்தற்பொருட்டே, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி அக்காலத்தில் வெட்டப்பட்டது. அது பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியாக இன்றும் மயிலாப்பூர் வழியே செல்கின்றது. வில்லபி வாலஸ் ஹூப்பர் என்னும் படை அலுவலர், எலும்பும் தோலுமாய் இருந்தோரை வரிசையாக அமர்த்திப் படம் பிடித்தார். அப்படங்கள் பஞ்சத்தின் கொடுமையைக் கடல் கடந்தும் அறிவித்தன. ஆயினும், படம் பிடித்தவர் அவர்களுக்கு ஒரு பிடி சோறு அளித்தாரா என்னும் வினாவும் உடன் எழுந்தது. பின்னர் 1886இல் பர்மாவில், மரண தண்டனை நிறைவேறும் நொடியையே இவர் படமாக்கினார் என்று இலண்டன் செய்தித்தாள் வெளியிட, பாராளுமன்றத்திலும் கண்டனம் எழுந்தது, விசாரணையும் நடைபெற்றது. ஹூப்பரின் படங்கள் பொய்யல்ல. அவற்றுள் குறைந்தது பரிவு.

அவ்வினா இன்றும் மாம்பலத் தெருவில் நிற்கின்றது. கீரை விற்கும் மூதாட்டியைப் படம் பிடிக்குமுன் “அம்மா, ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டல் எளிது. அவர் மறுத்தால் கருவியைத் தாழ்த்துதல் பண்பு. வெள்ளத்தில் ஒருவர் தத்தளிக்கும்போது முதலில் நீளவேண்டுவது கை, கருவி அன்று. எடுத்த படத்தின் கீழ் இடமும் நாளும் பிழையின்றி எழுதுதல் கடமை. ஓராண்டு எடுத்த வெள்ளப் படத்தை மற்றோராண்டு எடுத்ததாகப் பரப்பினால் ஊரே கலங்கும்.

கருவி கண்ணுக்குத் துணையாகலாம், மனத்திற்கு மாற்றாகாது. கைப்பேசி ஏந்திய மாணவன் ஒவ்வொருவனும் தன் ஊரின் வரலாற்றை எழுதும் புலவன் போல்வான். அன்பினால் கற்கும் கலைக்கு அமெச்சூர் என்னும் பெயர் பொருந்த வேண்டுமாயின், அவ்வன்பு கலையோடு நில்லாது, படத்தில் நிற்கும் மனிதர்பாலும் செல்லுதல் வேண்டும்.