வேண்டாம் என்ற கோப்பை

மேல்மலையனூர் என்றதும் நேயர்களுக்கு அங்காளம்மனும் அமாவாசை இரவின் ஜனத்திரளும் நினைவுக்கு வருமேயன்றி, டென்னிஸ் ஆட்டம் ஒருநாளும் நினைவுக்கு வராது. அது நியாயந்தான். இவ்வூர்ப் பிள்ளைகள் கபடி அறிவார்கள், கிரிக்கெட் அறிவார்கள், டென்னிஸ் மட்டையைக் கையால் தொட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆயினும் சென்ற வாரம் என் வகுப்பில் டேவிஸ் கோப்பையைப் பற்றிப் பேச்சு எழுந்தது. நமது தேசத்துக் கோஷ்டி அந்தப் பந்தயத்தில் முதன்முதல் இறங்கி நூறாண்டுகளுக்கு மேலாகிறது என்று நான் சற்றுப் பெருமையுடனேயே சொன்னேன். கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "அப்படியானால் கோப்பையை எத்தனை தடவை ஜயித்தோம், சார்?" என்று கேட்டான்.

"ஒரு தடவைகூட இல்லை" என்றேன். வகுப்பு கொல்லென்று சிரித்தது.

அந்தச் சிரிப்புக்குச் சொன்ன பதிலையே இங்கே எழுதுகிறேன்.

டேவிஸ் கோப்பை என்பது தனி மனிதர் புகழுக்காக ஆடும் ஆட்டமன்று. தேசமும் தேசமும் மோதுவது. 1900-ஆம் ஆண்டில் அமெரிக்காவும் பிரிட்டனும் பாஸ்டன் நகரில் ஆடியதிலிருந்து அது தொடங்கிற்று. நெடுங்காலம் இருந்த விதி இதுதான்: மூன்று நாட்களில் ஐந்து ஆட்டங்கள். முதல் நாள் ஒற்றையர் இரண்டு, மறுநாள் இரட்டையர் ஒன்று, மூன்றாம் நாள் எதிராளிகளை மாற்றி மீண்டும் ஒற்றையர் இரண்டு. மூன்றில் ஜயித்த தேசம் மேலே செல்லும். இந்தியா 1921-இல் முதன்முதலாகக் களமிறங்கிப் பிரான்ஸ் தேசத்தையே தோற்கடித்தது. அடிமை நாடாக இருந்த காலத்திலும் அந்த மைதானத்தில் நம் பெயர் தனியாக நின்றது.

இறுதிப் பந்தயம் வரை நாம் சென்றது மூன்று முறை. முதல் முறை 1966-இல். நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன் அப்போது நம் கோஷ்டியின் உயிர்நாடி. கல்கத்தாவில் பிரேஸிலுடன் நடந்த பந்தயத்தில் இரு தரப்புக்கும் இரண்டிரண்டு வெற்றி. கடைசி ஆட்டத்தில் தாமஸ் காக் என்பவரிடம் கிருஷ்ணன் ஒன்றுக்கு இரண்டு ஸெட் பின்தங்கி, நாலாவது ஸெட்டிலும் இரண்டுக்கு ஐந்து என்று விழுந்து கிடந்தார். அங்கிருந்து எழுந்து ஆட்டத்தையே ஜயித்தார்! ஆனால் மெல்போர்ன் நகரில் ஆஸ்திரேலியா நம்மை நாலுக்கு ஒன்று என்று வென்றது. அந்த ஒன்று, கிருஷ்ணனும் ஜெயதீப் முகர்ஜியும் சேர்ந்து, நியூகோம்ப் - ரோச் என்ற உலகப் புகழ் பெற்ற இரட்டையரைத் தோற்கடித்துப் பெற்றது.

மூன்றாம் முறை 1987-இல். கிருஷ்ணனின் குமாரர் ரமேஷ், ஆஸ்திரேலியரை அவர்களுடைய ஸிட்னி நகரத்துப் புல்தரையிலேயே கடைசி ஆட்டத்தில் வென்று நம்மை இறுதிக்குக் கொண்டு போனார். அங்கே ஸ்வீடன் ஐந்து ஆட்டங்களையும் எடுத்துக்கொண்டது.

இவ்விரண்டும் ஆடித் தோற்றவை. இடையில் வந்த 1974-ஆம் ஆண்டின் கதை வேறு.

அவ்வாண்டு சென்னைச் சகோதரர்களான ஆனந்த் அமிர்தராஜும் விஜய் அமிர்தராஜும் வாலிபப் பருவத்தின் முழு வேகத்தில் இருந்தார்கள். விஜய்க்கு இருபதே வயது. கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இச்சகோதரர்கள் ஆடிய இரட்டையர் ஆட்டம் ஒன்றில் மட்டும் மொத்தம் 99 கேம்கள். பார்த்தவர்களுக்கே கழுத்து வலித்திருக்கும், ஆடியவர்கள் ஜயித்தார்கள். ஆஸ்திரேலியா வீழ்ந்தது. பிறகு புனாவில் ஸோவியத் ரஷ்யாவும் வீழ்ந்தது. மிச்சமிருந்தது இறுதிப் பந்தயம் ஒன்றே. எதிரில் நின்றது தென்னாப்பிரிக்கா.

அந்நாளில் அத்தேசம் மனிதரைத் தோலின் நிறம் பார்த்துப் பிரித்து வைத்திருந்தது. குடியிருக்கும் தெரு, படிக்கும் பள்ளி, ஏறும் வண்டி எல்லாவற்றுக்கும் நிறமே அளவுகோல். இது நமக்கு ஏதோ அயல்நாட்டுச் சங்கதியன்று. காந்தியடிகள் 1893-இல் ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்டது அந்த மண்ணில்தான். அங்கே சிறை சென்று, அதில் கண்ட நோயால் 1914-இல் பதினாறு வயதில் உயிர் நீத்த வள்ளியம்மையின் பெயரோடு தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள தில்லையாடி ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுதந்திரம் வருவதற்கு முன்பே, 1946-இல், அத்தேசத்துடன் வியாபாரத்தை முறித்துக்கொண்ட நாடு இந்தியா. கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாய்க் கப்பலேறிய தமிழர்களின் சந்ததியார் அங்கே அவமதிப்பில் வாழ்கையில், நாம் வெள்ளை உடை தரித்துக் கைகுலுக்கிப் பந்தாடுவதா?

ஆட மாட்டோம் என்றது இந்தியா. ஒரு பந்துகூட அடிக்கப்படாமல் கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போயிற்று. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இங்கே எட்டியதை நாமே கீழே வைத்தோம்.

ஒன்று மட்டும் மறக்கலாகாது. தீர்மானம் தேசத்துடையது; விலை கொடுத்தவர்கள் நாலைந்து வாலிபர்கள். விளையாட்டு வீரனின் பருவம் மல்லிகையைப் போன்றது, மறுநாளுக்கு இராது. நாம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கொள்கையைப் புகழ்வது எளிது. இன்னொரு சங்கதியும் உண்டு. அயல்நாட்டு நிறபேதத்துக்காகக் கோப்பையைத் துறந்தவர்கள், நம் ஊர்த் தெருவிலும் தேநீர்க் கடையிலும் பேதம் பாராட்டினால், அந்தத் தியாகம் கேலிக்கூத்தாகிவிடாதா? 1994-இல் தென்னாப்பிரிக்காவில் எல்லா நிறத்தாரும் சேர்ந்து வாக்களித்தார்கள். அங்கே சட்டம் மாறியது. இங்கே நம் மனம் மாற வேண்டியது இன்னும் பாக்கியிருக்கிறது.

இவ்வளவும் கேட்ட பிறகு அந்தப் பையன், "இருந்தாலும் கோப்பை வரவில்லையே, சார்" என்றான். நான் செஞ்சி மலை இருக்கும் திக்கைக் காட்டி, "தேசிங்கு ராஜன் 1714-இல் ஜயித்தானா, தோற்றானா?" என்று கேட்டேன்.

"தோற்றான், சார்."

"அவனை ஜயித்த ஆற்காட்டு நவாபின் பெயர் என்ன?"

வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. இம்முறை யாரும் சிரிக்கவுமில்லை.