விளங்கலும் கலத்தலும்

எழுமலை போன்ற ஊர்களில் தமிழ்வழியில் பயின்று கல்லூரிக்கு வரும் மாணவர்க்கு, ஆங்கில வகுப்பில் இலக்கணத்தினும் பெரிய இடர் ‘ஃபாலோ பண்ண முடிகிறதா?’ என்னும் வினாவே. பின்தொடர்தலைக் குறிக்கும் சொல் விளங்கிக்கொள்ளலையும் குறிக்குமோ எனத் திகைத்துத் தலையை மட்டும் அசைப்பர். அவ்வசைவை நம்பிப் பாடம் மேலே செல்லும்.

திகைக்க வேண்டியதில்லை. ‘கிராஸ்ப்’ என்பது கையால் பற்றுதல். கருத்தைப் பற்றுதலும் அதுவே. ‘காம்ப்ரிஹெண்ட்’ என்பதும் பற்றுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையிற் பிறந்தது. ‘கணக்கு இன்னும் பிடிபடவில்லை’ என்று நம் ஊர்ப் பெரியவர் சொல்வதும் இதுதானே! அரபியில் ‘இத்ராக்’ எனின் எட்டிப்பிடித்தல், உணர்தல் ஆகிய இரண்டும் பொருளாம். தமிழிலும் ஒன்று அறிவுக்கு ‘எட்டுகிறது’. ‘அண்டர்ஸ்டாண்ட்’ மட்டும் சற்றே முரண்டு பிடிக்கும். ‘கீழே நிற்றல்’ எனப் பிரித்தால் பொருள் கிட்டாது.

கூடிச் செய்தலுக்கான சொற்களும் இவ்வாறே. ‘பார்ட்டிசிபேட்’ என்பதன் இலத்தீன் வேர் பங்கு கொள்ளல். நாம் ‘பங்கேற்றல்’ என்கிறோம். ‘ஜாயின்’ என்றால் கல்லூரியில் சேர்தல்; ‘ஜாயின் இன்’ என்றாலோ, நடக்கும் உரையாடலில் தாமும் குரல் கொடுத்தல். ‘ஐ டோன்ட் ஃபாலோ’ என எழுந்து கூறும் மாணவர் பின்தொடர மறுக்கவில்லை. ‘விளங்கவில்லை, ஐயா’ என்று பணிவுடன் கேட்கிறார்.